பாசோ ரோபிள்ஸ் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே குடும்பத்துடன் ஆர்.வி. ரிசார்ட்டில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் நடுக்கரையோரத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஏறக்குறைய நடுவில், 101-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிறுநகரம் பாசோ ரோபிள்ஸ். அதைச் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் உள்ளன. நகரின் கிழக்கே, தோட்டங்களின் அருகிலேயே, குடும்பங்களுக்கு ஏற்ற பெரிய ஆர்.வி. ரிசார்ட்டுகள் அமைந்திருக்கின்றன. ஆர்.வி. என்பது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே கொண்ட பயண வண்டி; அதை நிறுத்தி அதிலேயே தங்கும் இடம்தான் ஆர்.வி. ரிசார்ட். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பாதி வழியில் சந்தித்துக்கொள்ள இது வசதியான இடம். முதன்முறையாக ஆர்.வி.யில் தங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஆர்.வி. ரிசார்ட் என்பது சாதாரண முகாம் மைதானத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

மாநிலப் பூங்காக்களில் உள்ள முகாம் மைதானங்களில் பெரும்பாலும் வண்டியை நிறுத்த ஓரிடமும், ஒரு மேசையும், நெருப்பு மூட்ட ஒரு வளையமும் மட்டுமே கிடைக்கும். ரிசார்ட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் நிறுத்துமிடத்திலேயே இருக்கும். இதைத்தான் முழு இணைப்பு என்கிறார்கள். இவற்றோடு நீச்சல்குளம், வெந்நீர்த் தொட்டி, சலவை இயந்திரங்கள், பொதுக் குளியலறை, குழந்தைகள் விளையாடும் இடம், சிறு கடை ஆகியவையும் இருப்பது வழக்கம். கட்டணம் மாநிலப் பூங்காவைவிடக் கணிசமாக அதிகம்தான். ஆயினும் சிறு குழந்தைகளோடு முதல் தடவை செல்பவர்கள் அந்தக் கூடுதல் தொகையைக் கொடுப்பதே நல்லது, ஆர்.வி.யின் சிறிய குளியலறையில் நான்கு பேர் வரிசையாகக் குளிப்பது எவ்வளவு சிரமம் என்பது முதல் நாள் காலையிலேயே விளங்கிவிடும்.

புகழ்பெற்ற நாபா ஒயின் பள்ளத்தாக்கு இருக்கும்போது பாசோ ரோபிள்ஸை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

நாபாவின் ஒயின்களைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் அங்கே பெரிய வண்டிகளை நிறுத்தக்கூடிய ரிசார்ட் இடங்கள் குறைவு. நெடுஞ்சாலையில் வார இறுதி நெரிசல் மிகுதி. பெரும்பாலான இடங்களில் ஒயின் சுவைப்பதற்கான கட்டணமும் அதிகம். பாசோ ரோபிள்ஸில் நிலம் அகன்று கிடக்கிறது, கடற்கரையும் ஒரு மணி நேரத்திற்குள் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு அந்தக் கடற்கரைதான் முக்கியமான காரணம்.

ஒயின் மரபும் இங்கே இளையது அன்று. 1882-இலேயே மேற்குப்புற மலையில் யார்க் குடும்பத்தினர் ஒயின் ஆலை நிறுவினர். போலந்தின் பிரதமராகப் பின்னாளில் பொறுப்பேற்ற பியானோ கலைஞர் இக்னசி படெரெவ்ஸ்கி, கைவலிக்காக இவ்வூரின் கந்தக வெந்நீர் ஊற்றுகளை நாடி வந்து, நிலம் வாங்கி, ஜின்ஃபாண்டெல் திராட்சை பயிரிட்டவர். 1983-இல் இது தனி ஒயின் வட்டாரமாக அரசால் அறிவிக்கப்பட்டது. 2014-இல் மண்ணையும் மழையளவையும் தட்பவெப்பத்தையும் கருதிப் பதினொரு உள்வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இன்று மிகுதியாகப் பயிராவது கபெர்னே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சை.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் முடிய உள்ள காலமும் சிறந்தவை. வசந்தத்தில் மலைச்சரிவுகள் பச்சையாக இருக்கும். மே மாதத்தில் கொடிகள் பூக்கும். அறுவடை பொதுவாக ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை நடக்கும். அப்போது பெட்டி பெட்டியாகத் திராட்சை வந்து இறங்குவதையும், காம்பு நீக்கும் இயந்திரத்தில் அது கொட்டப்படுவதையும் குழந்தைகள் நேரில் பார்க்க முடியும்.

ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். எனினும் டெம்பிள்டன் கணவாய் வழியாக மாலையில் கடற்காற்று உள்ளே வருவதால், அதே நாள் இரவில் வெப்பம் இருபது டிகிரிக்கும் மேல் இறங்கிவிடுவதுண்டு. திராட்சையில் இனிப்பும் புளிப்பும் ஒருங்கே நிற்பதற்கு இந்த ஏற்ற இறக்கமே காரணம் என்பர். பயணிகளைப் பொறுத்தவரை இதன் பொருள், கோடையிலும் ஸ்வெட்டரும் போர்வையும் தேவை என்பதே. மே மாத ஒயின் திருவிழா, ஜூலை மாத மிட்-ஸ்டேட் பொருட்காட்சி ஆகியவற்றின்போது இடம் கிடைப்பது கடினம். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

எங்களிடம் சொந்த ஆர்.வி. இல்லை. என்ன வழிகள் உள்ளன?

மூன்று வழிகள் உண்டு. குரூஸ் அமெரிக்கா, எல் மாண்டே ஆர்.வி. போன்ற நிறுவனங்களில் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டி வரலாம். அவுட்டோர்சி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் தனியாரின் வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். இவர்களில் சிலர் வண்டியை ரிசார்ட்டிற்கே கொண்டுவந்து நிறுத்தி, இணைப்புகளைக் கொடுத்து, பயணம் முடிந்ததும் திரும்ப எடுத்துச் செல்வர். மூன்றாவதாக, பெரும்பாலான ரிசார்ட்டுகளில் சிறு குடில்கள் வாடகைக்குக் கிடைக்கும்.

முதல்முறை செல்லும் குடும்பத்துக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். காரணம் எளியது: ஒயின் தோட்டப் பகுதியில் ஆர்.வி. ஒரு வீடாகத்தான் பயன்படுமே தவிர, சுற்றிப் பார்க்கும் வாகனமாகப் பயன்படாது. இணைப்புகளைக் கொடுத்து நிறுத்திய பிறகு, பால் வாங்கப் போவதற்குக்கூட எல்லாவற்றையும் கழற்றி, அலமாரிகளைப் பூட்டி, மறுபடி வந்து மட்டம் பார்த்து நிறுத்த வேண்டியிருக்கும். எனவே வண்டியை யார் ஓட்டி வந்தாலும், குடும்பத்தின் கார் ஒன்று உடன் வருவது மிக அவசியம்.

வாடகை வண்டிக்கு உங்கள் கார் காப்பீடும் கடன் அட்டையின் காப்பீடும் பெரும்பாலும் பொருந்தா. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இதை எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓட்டுவதற்குத் தனி உரிமம் வேண்டுமா? பாதை எப்படி இருக்கும்?

கலிபோர்னியாவில் 40 அடி வரையிலான ஆர்.வி.யைச் சாதாரண சி வகுப்பு உரிமத்திலேயே ஓட்டலாம். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 25 முதல் 30 அடி நீளமுள்ளவை. ஓட்டுவதைவிடத் திருப்புவதில்தான் கவனம் தேவை. பின்சக்கரத்திற்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி, நீங்கள் திரும்பும் திசைக்கு எதிர்ப்புறமாக வீசும். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். பதினோரு, பன்னிரண்டு அடி உயரமுள்ள வண்டியை எந்த உணவக டிரைவ்-த்ரூவிலும் நுழைக்கக் கூடாது.

வடக்கிலிருந்து வருபவர்களுக்கு கில்ராய், சாலினாஸ், கிங் சிட்டி வழியாக 101 பெரும்பாலும் சமதளமே. ஆனால் சாலினாஸ் பள்ளத்தாக்கில் பிற்பகலில் காற்று பலமாக வீசி உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்; காலையில் கிளம்பிவிடுவது நல்லது. தெற்கிலிருந்து வருபவர்கள் சான் லூயிஸ் ஒபிஸ்போவைத் தாண்டியதும் குவெஸ்டா ஏற்றத்தைக் கடக்க வேண்டும். அது ஏழு விழுக்காட்டுச் சரிவு. திரும்பும்போது அதே சரிவில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்காமல், கியரைக் குறைத்து இறங்குங்கள். பின்னால் காரையோ டிரெய்லரையோ இழுத்துச் சென்றால், மாநிலம் முழுவதும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல்.

ஓடும் வண்டியில் எல்லாரும் இருக்கைப் பட்டை அணிந்திருக்க வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குழந்தை இருக்கையோ பூஸ்டரோ சட்டப்படி தேவை. ஆர்.வி.யின் சாப்பாட்டு மேசை இருக்கைகளில் சில பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அமைந்திருக்கும். அவற்றில் குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாது. எத்தனை இருக்கைகள் முன்னோக்கி உள்ளன என்பதைப் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது சரியன்று.

நிறுத்துமிடத்தைப் பதிவு செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பின்னோக்கி நுழையும் இடம், நேராக உள்ளே சென்று நேராக வெளியேறும் இடம் என இருவகை உண்டு. புதியவர்கள் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது இரண்டாவதையே எடுக்க வேண்டும். நீளத்தைச் சொல்லும்போது வண்டியோடு காரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாசோ ரோபிள்ஸில் நிழல் ஒரு பெரிய விஷயம். புதிதாக அமைந்த பகுதிகளில் மரங்கள் இன்னும் வளர்ந்திரா என்பதால், ரிசார்ட்டின் வரைபடத்தைப் பார்த்து, கருவாலி மரங்கள் உள்ள வரிசையில் இடம் கேட்பது நல்லது. நீச்சல்குளத்தின் அருகில் இடம் கிடைத்தால் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, பகலில் உறங்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்குத் தொல்லை.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியவை என்ன?

முதலில் வண்டியை மட்டமாக நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். மட்டம் சரியில்லாவிட்டால் கதவு தானாகத் திறக்கும். எரிவாயுவில் இயங்கும் பழைய வகைக் குளிர்பதனப் பெட்டியும் பழுதாகும். பிறகு மின்கம்பத்தின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கம்பியைச் செருகி, அதன்பின் சுவிட்சைப் போட வேண்டும். குடிநீருக்கென்றே உள்ள வெள்ளைக் குழாயை, அழுத்தத்தைக் குறைக்கும் சிறு கருவியோடு இணைக்க வேண்டும்; ரிசார்ட் குழாயின் அழுத்தம் வண்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களுக்குத் தாங்காது. பக்கவாட்டில் விரியும் அறை இருந்தால், ஒருவர் வெளியே நின்று மரமோ மின்கம்பமோ இடிக்காமல் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளிருந்து பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகள் இருவரின் அருகிலும் இருக்கக் கூடாது.

கழிவுநீர் பற்றித்தான் எல்லாருக்கும் தயக்கம். வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உண்டு: ஒன்று கழிவறைக்கு, மற்றொன்று குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும். முழு இணைப்பு இருக்கிறதே என்று கழிவறைத் தொட்டியின் திறப்பைத் திறந்தே வைத்துவிடுவது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் கோபுரமாகக் குவிந்து காய்ந்துவிடும். அதை அகற்றுவது பெரும்பாடு. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் வரை மூடியே வைத்திருந்து, கையுறை அணிந்து, கழிவறைத் தொட்டியை முதலிலும் மற்றதைப் பிறகும் திறந்துவிட வேண்டும். பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும்.

ஆர்.வி.யில் நம் சமையல் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம், மின்சாரக் கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வாடகை வண்டிகளில் பெரும்பாலானவை 30 ஆம்பியர் இணைப்பில் இயங்குபவை. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். கூரைமேல் உள்ள குளிர்சாதனம் ஏறத்தாழ 1,500 வாட் எடுத்துக்கொள்ளும். இண்டக்ஷன் அடுப்பு 1,800 வாட், மின்கெட்டில் 1,500 வாட். பிற்பகல் வெயிலில் குளிர்சாதனம் ஓடும்போது ஒருவர் இண்டக்ஷனில் சாம்பாரையும், இன்னொருவர் கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீரையும் வைத்தால், அடுத்த நொடி வண்டி முழுவதும் மின்சாரம் போய்விடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கருவி என்பதே விதி. 50 ஆம்பியர் இணைப்புள்ள பெரிய வண்டிகளில் 12,000 வாட் வரை கிடைப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

உள்ளே இருக்கும் எரிவாயு அடுப்பு சிறியது. தாளிக்கும் புகைக்குத் தீயறிவிப்பான் உடனே அலறும். கூரைக் காற்றாடியை முதலில் போட்டு, சன்னலைத் திறந்துவிட்டுக் கடுகு தாளியுங்கள். இன்னும் நல்லது, வெளியே உள்ள மேசையில் ஒற்றை அடுப்பு வைத்துச் சமைப்பது. மெத்தைகளிலும் திரைகளிலும் மணம் தங்கிவிட்டால் வண்டியைத் திரும்ப ஒப்படைக்கும்போது சுத்தம் செய்யக் கட்டணம் கேட்பார்கள். மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்து வாருங்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சி இங்கே வேலை செய்யாது. எலுமிச்சை சாதம், புளியோதரை, சப்பாத்தி முதல் நாளுக்குப் போதும். மளிகைக்கு நகரத்திலேயே பெரிய கடைகள் உள்ளன. ஆனால் கறிவேப்பிலையை நம்பி வராதீர்கள்.

குழந்தைகளை ஒயின் ஆலைக்கு அழைத்துச் செல்லலாமா?

ஒவ்வோர் ஆலையும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. சில இடங்களில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியே இல்லை. சில இடங்களில் புல்வெளியும், குழந்தைகள் ஓடியாட இடமும், திராட்சைச் சாறும் இருக்கும். அழைத்துக் கேட்காமல் போகக் கூடாது. ஒரு நாளில் இரண்டு ஆலைகள் போதும். மூன்றாவதில் குழந்தைகளின் பொறுமையும் பெரியவர்களின் நாக்கும் ஒருசேரக் களைத்துவிடும். காலை பதினொரு மணிக்கு முதல் ஆலைக்குச் சென்று, மதிய உணவுக்குப்பின் ஒன்றைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு நீச்சல்குளத்திற்குத் திரும்புவது எல்லாருக்கும் ஒத்துவரும்.

ஆர்.வி.யிலேயே ஆலைக்குச் செல்வது உசிதமன்று. குறுகிய மண்பாதைகளில் நுழைந்தபின் திருப்ப இடமிராது. கார் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. கலிபோர்னியாவில் இரத்தத்தில் 0.08 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால் குற்றம், நிதானம் தவறியதாகத் தெரிந்தால் அதற்குக் குறைவாக இருந்தாலும் வழக்குப் போடலாம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்துவது அங்கே அநாகரிகம் அன்று. குழுவாக வந்திருந்தால் ஓட்டுநரோடு கூடிய வேன் கிடைக்கும். பாதி குடித்த புட்டியைக் காரின் பின்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

தாத்தா, பாட்டி உடன் வருகிறார்கள். குடிப்பழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. அப்போதும் இது பொருத்தமான இடமா?

பொருத்தமே. ஒயின் சுவைக்காமல் தோட்டத்தில் அமர்ந்துவிட்டு வருவதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. ஆனால் கட்டணம் பெற்று இடம் ஒதுக்கும் ஆலைகளில் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. இப்பகுதியில் ஆலிவ் எண்ணெய் ஆலைகளும் இருக்கின்றன. அங்கே ரொட்டித் துண்டோடு எண்ணெயைச் சுவைத்துப் பார்ப்பது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது.

முதியவர்களை ஆர்.வி.க்குள் தங்கவைப்பதைப் பற்றி மட்டும் நன்கு யோசியுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், வாசற்படிகள் உயரமானவை, இரவில் ஒருவர் எழுந்தால் வண்டியே அசையும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதே ரிசார்ட்டில் ஒரு குடிலை எடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு எல்லாரும் ஆர்.வி.யின் முன்னால் கூடுவது எவ்வளவோ மேல்.

நகரிலிருந்து வடக்கே சில மைல் தொலைவில், 1797-இல் நிறுவப்பட்ட சான் மிகேல் மிஷன் தேவாலயம் இருக்கிறது. சலினன் பழங்குடியினரின் கைவண்ணமும் சேர்ந்து 1820-களில் தீட்டப்பட்ட உட்சுவர் ஓவியங்கள் இன்றும் அங்கே உள்ளன. கோயில் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பிடிக்கும்.

குழந்தைகளுக்கு வேறு என்ன இருக்கிறது?

46-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே மலையைக் கடந்தால் கேம்ப்ரியாவும் கடலும் வந்துவிடும். அங்கிருந்து வடக்கே, சான் சிமியோனைத் தாண்டி, பியத்ராஸ் பிளாங்காஸ் கடற்கரையில் யானைச்சீல்களைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. இவை இக்கரைக்கு வரத் தொடங்கியதே 1990-இல்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குட்டி ஈனும் காலம். ஏப்ரல், மே மாதங்களில் பெண் சீல்கள் தோலுரிக்க வந்து படுத்திருக்கும். இரண்டு டன்னுக்கும் மேலான ஆண் சீல் ஒன்று மார்பை உயர்த்தி உறுமுவதை மரப்பாதையில் நின்றபடி சில அடி தூரத்தில் பார்த்த குழந்தை, அதற்கப்புறம் வேறெதையும் கேட்காது. ரிசார்ட்டில் நாற்பது டிகிரி அடிக்கும் நாளிலும் இந்தக் கரையில் குளிர்காற்று வீசும் என்பதால் மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

வழியிலேயே, ஜூலியா மார்கன் வடிவமைத்த ஹர்ஸ்ட் மாளிகை உண்டு. ஆனால் சுற்றுலாவின் நீளத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் பார்க்கும்போது பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மாலை வேளைக்கு, நகருக்கு அருகிலேயே 2019-இல் திறக்கப்பட்ட சென்சோரியோ உள்ளது. புரூஸ் மன்ரோ என்ற கலைஞர் சூரிய ஒளியில் சேமித்த மின்சாரத்தால் ஒளிரும் ஆயிரக்கணக்கான விளக்குகளைக் குன்றுச் சரிவில் நட்டிருக்கிறார். கோடையில் நீர்விளையாட்டுப் பூங்காவும் திறந்திருக்கும்.

ரிசார்ட்டில் இணைய வசதி நன்றாக இருக்குமா?

மின்னஞ்சல் பார்க்கப் போதும். எல்லாரும் படம் பார்க்கத் தொடங்கும் இரவு நேரத்தில் நம்ப முடியாது.

எந்த விதிகளில் கண்டிப்பாக இருப்பார்கள்?

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பு. வண்டிகளின் சுவர் மெல்லியது. பத்தரை மணிக்கு நம் வீட்டுச் சீட்டாட்டச் சிரிப்பு நான்கு வண்டிகளுக்குக் கேட்கும். உறவினர்கள் பகலில் வந்து போவதானாலும் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

நெருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள், அது நியாயமும்கூட. கோடையில் காய்ந்த புல்மேடுகள் ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. தடை உள்ள நாட்களில் விறகு எரிக்கவே முடியாது. அனுமதிக்கும் நாட்களிலும் வீட்டிலிருந்து விறகு கொண்டு வராமல் அங்கேயே வாங்குங்கள். கருவாலி மரங்களைத் துளைத்துக் கொல்லும் வண்டுகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் பரவுகின்றன. வேலிக்கு அப்பால் நடக்கும்போது, மூன்று மூன்றாக இலை விடும் நச்சுக்கொடியைத் தொடாதிருக்கவும், பாறையிடுக்கில் கைவிடாதிருக்கவும் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். கிலுகிலுப்பைப் பாம்புகள் உள்ள பகுதி இது.

கிளம்பும் நாளில் எதை மறக்கக் கூடாது?

வெளியேறும் நேரம் பெரும்பாலும் காலை பதினொரு மணி. ஆகவே ஒன்பதுக்கே தொடங்குங்கள். தொட்டிகளைக் காலி செய்து மூடுவது, குழாய்களைக் கழற்றுவது, மின்கம்பத்தின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கம்பியை எடுப்பது, விரியும் அறையை உள்ளிழுப்பது, எரிவாயுவை அடைப்பது என்ற வரிசையில் செய்யலாம். குளிர்பதனப் பெட்டியின் கதவுக்கும் அலமாரிகளுக்கும் தாழ் போடாவிட்டால் முதல் வளைவிலேயே ஊறுகாய்ப் புட்டி தரையில் கிடக்கும். வாயிற்படியும் கூரைமேல் உள்ள தொலைக்காட்சி ஆண்டெனாவும் மடக்கப்பட்டுள்ளனவா என்பதை ஓட்டுநர் அல்லாத ஒருவர் வண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றிவந்து பார்த்துச் சொன்ன பிறகே இஞ்சினை இயக்க வேண்டும்.